மூத்தாப்பாவின் தண்ணீர்க் கொப்பி: பட்டிப்பளை ஆற்று வாய்க்கால்களும் எழுதப்படாத நம் வரலாறும்

கடந்த வருடம் வாப்பாவின் பழைய வீட்டை உடைத்தபோது பரணிலிருந்து ஒரு தகரப் பெட்டி இறங்கியது. மேலே காணி உறுதிகள். அதற்கடியில் யாரோ ஹஜ்ஜுக்குப் போன இடத்திலிருந்து போட்ட இரண்டு கடிதங்கள். ஆக அடியில் நீளவாக்கில் தைத்த ஒரு கணக்குக் கொப்பி. கறையான் ஒரு மூலையைத் தின்றிருந்தது. கடன் கணக்காக இருக்கும் என்றுதான் திறந்தேன். இருந்தது தண்ணீர்க் கணக்கு.

வாப்பாவின் வாப்பா, எங்கட மூத்தாப்பா, சம்மாந்துறைப்பற்றின் மேற்குப் பக்கத்தில் ஒரு வட்டைக்கு வட்டை விதானையாக இருந்தவர். (வட்டையின் பெயரை எழுதவில்லை. அங்கே இன்னும் காணி வழக்கு நடக்கிறது. என் கட்டுரை யாருக்கும் சாட்சியாகப் போக வேண்டாம்.) அவருக்குப் பிறகு அதே வேலையை வாப்பாவும் சில காலம் பார்த்தார். கொப்பியின் முன்பாதி மூத்தாப்பாவின் கை, பின்பாதி வாப்பாவின் கை. எந்த வாய்க்கால், எந்த வரவை, யாருக்கு எத்தனை மணிவரை தண்ணீர், வாய்க்கால் வெட்ட வராதவர் யார், யாருடைய மாடு யாருடைய பயிரில் இறங்கியது, தண்டம் கட்டினாரா இல்லையா. இவ்வளவும் அதில் இருக்கின்றன.

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வரலாறு என்று நாம் எழுதுவதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கிறேன். வருகை, பள்ளிவாசல், ஸியாரம், குடி வழமை, அரசியல் தலைமை. இவை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் இந்தச் சமூகத்தின் பெரும்பகுதி பரம்பரை பரம்பரையாகச் செய்தது வெள்ளாண்மை. கரையில் வீடு, அக்கரையில் வயல். அந்த வயலுக்குப் போகும் தண்ணீர் தமிழன் காணியாலும் சிங்களவன் காணியாலும் கடந்து வருகிறது. நம் காணியால் கடந்து அவர்களுக்கும் போகிறது. நாம் யாரோடு, எந்த ஒழுங்கில் வாழ்ந்தோம் என்பதற்கு வாய்க்காலை விடப் பெரிய ஆவணம் இல்லை என்று இந்தக் கொப்பியைப் படித்த பிறகு நினைக்கிறேன். அதை நாம் ஆவணமாகவே மதிக்கவில்லை. எத்தனை வீட்டில் எத்தனை கொப்பி அடுப்புக்குப் போயிருக்கும்!

நிலத்தின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து கல்முனைப் பக்கம் வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளம். கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டு எழுவான்கரை. காத்தான்குடி முதல் மருதமுனை, கல்முனை வரை ஊர்கள் நெருக்கியடித்துக் கிடப்பது அங்கேதான். வாவிக்கு மேற்கே படுவான்கரை. வயலும் குளமும் காடும் அங்கே. சூரியன் எழும் கரை, படும் கரை என்று பெயர் வைத்தவன் காலையில் தோணியேறி அந்தியில் திரும்பிய வெள்ளாண்மைக்காரனாகத்தான் இருக்க வேண்டும். வாவியின் தென்முனை ஒடுங்கி முடியும் இடத்தில் கிட்டங்கித் தாம்போதி. அதற்கு அப்பால் நாவிதன்வெளி, சவளக்கடை, மத்தியமுகாம். அதற்குத் தெற்கே சம்மாந்துறை, நிந்தவூர் வயல்வெளிகள். சம்மான்கள் வந்து தட்டிய துறை என்பதே சம்மாந்துறைக்கு நம் பெரியவர்கள் சொல்லும் பெயர் விளக்கம். இந்த வெளிகளுக்கெல்லாம் தாய் பட்டிப்பளை ஆறு. சிங்களத்தில் கல் ஓயா. இன்று அம்பாறை மாவட்டம் என்று சொல்லும் பகுதி 1961 வரை மட்டக்களப்பு மாவட்டமாகவே இருந்தது என்பதையும் இளம் வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளட்டும்.

இந்த ஆற்றில் தண்ணீர் மறித்த முதல் ஆட்கள் நாமல்ல. தீகவாபி என்ற பெயருக்கே நீண்ட குளம் என்றுதான் அர்த்தம். கொண்டவட்டுவானில் கிடைத்த 10ஆம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டில் பயிர்ச்செய்கை ஒழுங்கை மீறுகிறவர்களுக்குத் தண்டம் விதிக்கப்பட்டிருக்கிறது. இதைப் பேச நம்மில் பலர் தயங்குகிறோம். தீகவாபி என்றாலே காணிப் பிரச்சினை, அரசியல் என்று மனம் சுருங்குகிறது. எனக்கு அந்தத் தயக்கம் தேவையில்லாதது என்று படுகிறது. போர்த்துக்கேயர் 1626இல் முஸ்லிம்களை வெளியேற்றியபோது கண்டி மன்னன் செனரத் ஏறத்தாழ 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று குவைறோஸ் பாதிரியார் எழுதியதை நாம் கூட்டத்துக்குக் கூட்டம் சொல்கிறோம். சரி, வந்தவர்கள் அடுத்த மழைக்கு என்ன செய்தார்கள்? ஏற்கெனவே வாய்க்கால் ஓடிய நிலத்தில் ஏர் பிடித்தார்கள். ஏற்கெனவே இங்கிருந்த முஸ்லிம்களிடமும், முக்குவரிடமும், மேற்கே இருந்த சிங்களவரிடமும் தண்ணீர் ஒழுங்கைக் கற்றிருப்பார்கள். பிறகு அதில் தங்கள் பங்கையும் சேர்த்தார்கள். கொப்பியில் அந்தச் சேர்மானம் கண்ணால் பார்க்கும்படி இருக்கிறது.

எப்படி என்று சொல்கிறேன்.

மாரியில், பெரும்போகத்தில், எங்கள் பகுதியில் தண்ணீர் ஒரு பங்கீட்டுப் பிரச்சினை அல்ல. வாடைக்காற்று மழை ஐப்பசியில் தொடங்கினால் தை வரை கொட்டும். அப்போது வட்டை விதானையின் வேலை தண்ணீரை வெளியேற்றுவது. வடிச்சல் வாய்க்கால் துப்பரவாக இருக்கிறதா, எவனாவது மீன் பிடிக்கத் தட்டி கட்டி மறித்திருக்கிறானா என்று பார்த்துக்கொண்டு திரிவது. சிறுபோகத்தில்தான் முறை வேண்டும். சித்திரைக்குப் பிறகு வானம் கைவிட்டுவிடும். குளத்துத் தண்ணீரை அளந்து விட வேண்டும்.

மூத்தாப்பாவின் சிறுபோகப் பட்டியலில் மணிக்கணக்கு இல்லை. 'ஸுபஹ் – லுஹர்' என்று ஒரு நிரல், 'லுஹர் – அஸர்', 'அஸர் – மஃரிப்', 'இஷா – ஸுபஹ்'. அந்தந்த நிரலின் கீழ் பெயர்கள். அதில் பாதி தமிழ்ப் பெயர்கள். கந்தப்போடிக்கும் அஹமதுலெவ்வைக்கும் ஒரே பாங்குதான் மணிக்கூடு. எங்கள் நாடு பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருப்பதால் தொழுகை நேரங்கள் வருடம் முழுக்க அரை மணி, முக்கால் மணிக்குள்தான் முன்பின் ஆகும். ஆகவே இது நம்பிக்கையான மணிக்கூடு. ஆனால் நேரங்கள் சமமானவை அல்ல. அஸர் தொடக்கம் மஃரிப் வரை மூன்று மணித்தியாலம்கூட முழுதாக இராது. இஷாவிலிருந்து ஸுபஹ் ஏறத்தாழ ஒன்பது மணித்தியாலம். அதற்காக ஒவ்வொரு சுற்றுக்கும் பெயர்கள் ஒரு நிரல் தள்ளிப் போகின்றன. இன்றைக்குச் சின்னத் துண்டு கிடைத்தவனுக்கு அடுத்த சுற்றில் இரவுத் துண்டு. கட்டம் போட்டு, பேனாவால் அம்புக்குறி இழுத்து, மிக எளிமையாகச் செய்திருக்கிறார். நாலாம் வகுப்புடன் நின்றவர்.

மஃரிபுக்கும் இஷாவுக்கும் நடுவே நிரலே இல்லை. ஏன் என்று ஊரில் மூத்த வெள்ளாண்மைக்காரர் ஒருவரிடம் கேட்டேன். சிரித்தார். "அது விதானைட தண்ணி மனே. வரம்பு உடைஞ்சவன், முறை தவறினவன், வாய்க்கால்ல நண்டு தோண்டி ஒழுகினவன், இவனுகளுக்குக் குடுக்க ஒரு துண்டு கையில வச்சிருக்கணும். இல்லாட்டி விதானை ஒருத்தன் என்னத்துக்கு?"

பட்டியலில் இன்னொரு குறி என்னைக் கொஞ்ச நாள் குழப்பியது. சில பெயர்களுக்குப் பக்கத்தில் 'பெ' என்று எழுதி வட்டம் போட்டிருந்தது. வாப்பாவின் தங்கை, மாமி, பார்த்த உடனே சொன்னா: "பெண்சாதிட காணி." நம் பக்கத்தில் வீடும் வயலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகிற வழக்கம் தெரிந்ததே. உறுதியில் உம்மாவின் பெயர், வாய்க்காலில் வாப்பாவின் பெயர். தண்ணீர் முறை யாருக்கு? மூத்தாப்பாவின் பதில் அந்த 'பெ' தான். கணவன் மௌத்தானாலோ பிரிந்துபோனாலோ முறை அவனுடைய சகோதரனுக்குப் போகாது. காணியோடு அந்தப் பெண்ணிடம் நிற்கும். ஓரிடத்தில் 'பெ' மட்டும் இருக்கிறது, ஆண் பெயர் அடித்து வெட்டப்பட்டிருக்கிறது, அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் தண்ணீர் தொடர்ந்திருக்கிறது. குடி வழமை பற்றி டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் இருந்து எழுதியவற்றை நம் ஆய்வாளர்கள் நன்றாகவே படித்திருக்கிறார்கள். அந்த வழமை ஒரு வாய்க்கால் பட்டியலில் எப்படி வேலை செய்தது என்பதற்கு இது ஒரு சின்னச் சாட்சி.

எல்லாவற்றையும் விட எனக்குப் பெரிதாகப் பட்டது பட்டியல் தொடங்கும் இடம். எந்த வாய்க்காலை எடுத்தாலும் முதல் பெயர் மதகுக்குப் பக்கத்துக் காணிக்காரன் அல்ல. வாய்க்காலின் ஆகக் கடைசி வரவைக்காரன். தண்ணீர் திறந்தால் முதலில் கடைசிக்குப் போகும். பிறகு கீழிருந்து மேலே முறை ஏறும். வாப்பாவிடம் சின்ன வயதில் இதைக் கேட்டதாக ஞாபகம். மூத்தாப்பா சொன்னதாக அவர் சொன்னார்: "மேக்காணிக்காரன் நித்திரை கொண்டாலும் தண்ணி அவன்ட காணியாலதான் போகும். கீழ்க்காணிக்காரனுக்கு ஆரு இரிக்கா?"

மார்க்க நூல்களில் வேறு ஒழுங்கும் இருக்கிறது. மதீனாவில் ஸுபைர் (ரழி) அவர்களுக்கும் அன்ஸாரித் தோழர் ஒருவருக்கும் வாய்க்கால் தண்ணீரில் வந்த வழக்கில், மேற்காணிக்காரர் அளவோடு பாய்ச்சிவிட்டு அயலவருக்கு விடட்டும் என்பதே தீர்ப்பின் தொடக்கம். மேலிருந்து கீழே போகும் முறை அது. மூத்தாப்பா அதை மாற்றிவிட்டார் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தண்ணீர் தேங்கி நிற்கக்கூடாது, அயலவனுக்கு விட்டாக வேண்டும் என்பதுதான் இரண்டிலும் உள்ள விடயம். குளத்து வாய்க்காலில், திறக்கும் நாளை முன்கூட்டியே தெரிந்த இடத்தில், கடைசியிலிருந்து தொடங்குவது வசதியானது. ஸ்பெயினின் வலென்சியாவில் இன்றும் வியாழக்கிழமை தோறும் நண்பகலில் தேவாலய வாசலில் தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. வாதம் வாய்ப் பேச்சில், தீர்ப்பு அங்கேயே. அந்தலூஸ் முஸ்லிம்கள் காலத்து மரபு என்று அவர்களே பெருமையாகச் சொல்கிறார்கள். வாய்க்காலுக்கு அவர்கள் சொல்லும் 'அஸேக்கியா' என்ற சொல் அரபியின் 'அஸ்ஸாகியா' தான். 2009இல் யுனெஸ்கோ அதை மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. எங்கட விதானை வாடியில் பிலாமரத்தடியில் நடந்த விசாரணைக்கும் அதற்கும் வித்தியாசம் தேவாலய வாசல் மட்டும்தான்.

இனி அரசாங்கம் எப்போது வந்தது என்று பார்ப்போம். 1855 முதல் 1860 வரை தேசாதிபதியாக இருந்த சேர் ஹென்றி வார்ட் காலத்தில் இறக்காமம், அம்பாறைக் குளங்கள் திருத்தப்பட்டன. அவர் கொண்டுவந்த 1856ஆம் ஆண்டு 9ஆம் இலக்கச் சட்டத்தின் நோக்கம் நெற்காணி நீர்ப்பாசனத்தில் பண்டைய வழக்கங்களை மீட்டு நடைமுறைப்படுத்துவது. இந்தச் சொற்களைக் கவனியுங்கள். வெள்ளைக்காரன் புதிதாக ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே வட்டைகளில் இருந்த ஒழுங்குக்குச் சட்டத்தின் முத்திரை குத்தினான். வரி வருமானம் அவன் கணக்கு, அது வேறு கதை. ஆனால் அந்த முத்திரையோடு விதானைக்கும் கொஞ்சம் கச்சேரி வாடை ஒட்டிக்கொண்டது. கூலி முன்போலவே வெள்ளாண்மைக்காரர் கொடுத்த நெல், மரைக்கால் கணக்கு. கேள்வி கேட்பதோ கச்சேரி.

பெரிய மாற்றம் 1949. அந்த ஆண்டில் கல் ஓயா அபிவிருத்திச் சபை சட்டத்தால் உருவானது. இங்கினியாகலவில் அமெரிக்காவின் மொரிசன் நூட்சன் கம்பனி அணை கட்டியது. 7,70,000 ஏக்கர் அடி கொள்ளும் சேனாநாயக்க சமுத்திரம் அந்தக் காலத்தில் நாட்டின் ஆகப் பெரிய நீர்த்தேக்கம். இடதுகரை, வலதுகரை என்று புதிய பிரிவுகள். நம் பழைய வட்டைகள் 'ஆற்றுப் பிரிவு' ஆகின. இடதுகரை வாய்க்கால் வடக்கே ஓடி மண்டூர்ப் பக்கம் வாவி வரை வருகிறது. கொலனிகள் இலக்கம் போட்டுக் குடியேறின. இன்றும் நாவிதன்வெளியில் 4ஆம் கொலனி, 12ஆம் கொலனி என்றுதான் விலாசம் எழுதுகிறோம்.

நன்மை இல்லாமல் இல்லை. கொப்பியே சாட்சி. 1952க்கு முன் சிறுபோகப் பட்டியல் ஒரு பக்கத்துக்குள் முடியும். பிறகு மூன்று பக்கத்துக்குப் போகிறது. மழையை நம்பி ஒரு போகம் செய்த காணிகள் இரண்டு போகமாகின. ஆனால் மதகின் திறப்பு ஊரை விட்டுப் போனது. மேட்டில் யார் குடியிருக்கிறார், பள்ளத்தில் யார் என்பது இனக்கணக்காகவும் ஆனது. 1956இல் கல் ஓயாவில் நடந்ததை மட்டக்களப்பார் மறக்கவில்லை.

அதே 1949இல் யப்பானில் காணி மேம்பாட்டுச் சட்டம் வந்தது. அங்கே பழைய வாய்க்கால் சங்கங்களைச் சட்டம் கலைக்கவில்லை. விவசாயிகளே உறுப்பினரான அமைப்புகளாக மாற்றி, வாய்க்காலின் பராமரிப்பை அவர்கள் கையிலேயே விட்டது. குமமொத்தோ பகுதியில் சூஜுன் பாலம் என்று ஒன்று இருக்கிறது. 1854இல், வார்ட் இங்கே வருவதற்கு ஒரு வருடம் முன்பு, ஃபூத்தா யசுனொசுகே என்ற கிராமத் தலைவர் முன்னின்று கட்டுவித்த கல்பாலம். அதன் மேல் கல் குழாய்களில் தண்ணீர் பள்ளத்தாக்கைத் தாண்டி எதிர்மேட்டு வயல்களுக்குப் போகிறது. நடுவில் அடைப்பைத் திறந்தால் இரு பக்கமும் தண்ணீர் பாய்ந்து விழும். அதைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் கூடுகிறார்கள். குழாய்க்குள் தேங்கும் சேற்றைக் கழுவி விடத்தான் அந்தத் திறப்பு. 2016 பூமியதிர்ச்சியில் பாலம் சேதப்பட்டது. திருத்தித் தண்ணீர் விட்டார்கள். வயலுக்கு வேலை செய்வதாலேயே அது இன்னும் நிற்கிறது. சர்வதேச நீர்ப்பாசன ஆணைக்குழு 2014இல் நூறு வருடத்துக்கு மேற்பட்ட நீர்ப்பாசன அமைப்புகளை மரபுரிமையாகப் பதியத் தொடங்கியபோது அந்த வாய்க்கால் முதல் பட்டியலிலேயே இடம்பிடித்தது. அதே பட்டியலில் இலங்கையின் அபய வாவியும் நாச்சதூவ வாவியும் இருந்தன. நூறு வருடம்தான் கணக்கென்றால் இறக்காமக் குளத்துக்கு எப்போதோ வயது வந்துவிட்டது. கேட்பதற்கு நாம் ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும். எழுத நம்மிடம் கொப்பிகள் இருக்க வேண்டும்.

1958 நெற்காணிச் சட்டம் விதானையை நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுவைக் கொண்டுவந்தது. காகிதத்தில் அவ்வளவுதான். கொப்பியில் ஒரு வரிகூட நிற்கவில்லை. தலைப்பில் 'குழுத் தலைவர்' என்று எழுதி, பிறகு வெட்டி 'வட்டை விதானை' என்றே எழுதியிருக்கிறார். ஊரும் அப்படியே கூப்பிட்டது. இன்றும் அப்படித்தான் கூப்பிடுகிறது.

இடதுகரையில் 1981இல் தொடங்கிய முயற்சியை இங்கே சொல்லாமல் விட முடியாது. கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து, படித்த இளைஞர்களை வாய்க்கால் வாய்க்காலாக அனுப்பி விவசாயிகளைக் கூட்டின. நீர்த்தேக்கத்தில் தண்ணீர் மிகக் குறைந்திருந்த பருவம். வருடக்கணக்காகத் துப்பரவாக்காத வாய்க்கால்களை விவசாயிகளே வெட்டினார்கள், முறை வைத்தார்கள், மேலே இருந்த சிங்கள விவசாயிகள் கீழே இருந்தவர்களுக்குத் தண்ணீரை மிச்சம் பிடித்து விட்டார்கள். நோர்மன் அப்ஹொஃப் 1992இல் வெளியிட்ட நூலால் இது உலகப் பாடமானது. வாசித்தபோது எனக்கு மகிழ்ச்சியும் வந்தது, சின்னக் கோபமும் வந்தது. முறை வைப்பதும் கடைசிக்காரனை நினைப்பதும் இந்த ஆற்றில் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவை அல்லவே! புதிய கொலனிகளில் அது இல்லாமல் போயிருந்தது, கற்பிக்க வேண்டியிருந்தது. பக்கத்து வட்டையில் அதைக் கொப்பியில் எழுதி வைத்திருந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

கொப்பியில் 1990 சிறுபோகத்துக்குப் பிறகு நாலு தாள் வெறுமை. நான் விளக்க வேண்டியதில்லை. அந்த வருடங்களில் நம்மவர் எத்தனையோ பேர் மேற்கு வயல்களை விட்டார்கள். தமிழர்களும் வேறு இடங்களில் விட்டார்கள். வாப்பா வாடிக்குப் போகவில்லை. வீட்டில் இருந்து நெல்லுச் சோறு வாங்கித் தின்றோம், வெள்ளாண்மைக்காரன் வீட்டில் அரிசி விலைக்கு வாங்குவது என்றால் என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. பிறகு ஒரு பக்கத்தில் வாப்பாவின் கை திரும்பவும் வருகிறது. பழைய பட்டியலை அப்படியே பார்த்து எழுதியிருக்கிறார், மௌத்தானவர்களை மட்டும் விட்டு.

அந்த இடைவெளியில் எங்கள் வாய்க்காலுக்கு என்ன நடந்தது? மேற்காணிக்காரரான தமிழ்ப் பெரியவர் இன்னும் இருக்கிறார். போய்க் கேட்டேன். அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "பொய் சொல்லப்படாது தம்பி. உங்கட வாப்பாட காணிக்கு நாங்க தண்ணி கட்டல்ல. ஆரு கட்டுவான் அந்த நேரம்? ஆனா உங்கட வாய்க்கால வெட்டி எங்கட பக்கம் திருப்பவும் இல்ல. இன்னொருத்தர் வந்து திருப்பக் கேட்டவங்க. நான் சொன்னேன், இது விதானையார் பிரிச்ச வாய்க்கால், அவர் வந்து கேட்டா நான் என்ன சொல்லுற எண்டு."

மூத்தாப்பா அப்போது மௌத்தாகிப் பல வருடம்.

இன்றைய நிலைக்கு வருகிறேன். ஆரம்பக் கூட்டம் இன்னும் நடக்கிறது. தண்ணீர் திறக்கும் நாள், விதைத்து முடிக்கும் நாள், மாடு அகற்றும் நாள், எத்தனை மாத நெல் என்று ஒவ்வொரு போகத்துக்கும் தீர்மானம் எடுக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் விவசாய அமைப்புகள் இருக்கின்றன. போன சிறுபோகக் கூட்டத்துக்கு நானும் போய்ப் பின்வரிசையில் இருந்தேன். மூன்று மணித்தியாலத்தில் இரண்டு மணித்தியாலம் உரமானியம். தண்ணீர் முறைக்கு வந்தபோது பாதிப்பேர் எழும்பிவிட்டார்கள்.

அதைவிட எனக்குப் பயம் வடிச்சலில். மாரித் தண்ணீர் வாவிக்கோ களியோடை வழியாகக் கடலுக்கோ போக வேண்டும். வாவி நிரம்பினால் முகத்துவாரத்தை வெட்ட வேண்டும். எப்போது வெட்டுவது என்பதில் வயல்காரனுக்கும் மீன்பிடிகாரனுக்கும் வழக்கமான இழுபறி. பிந்தி வெட்டினால் பயிர் அழுகும், முந்தி வெட்டினால் இறாலும் மீனும் போகும், உப்புத் தண்ணீர் ஏறும். அந்த இழுபறிக்கும் ஒரு பழைய ஒழுங்கு இருந்தது. இன்று வடிச்சல் வாய்க்கால்களின் மேல் மதில் கட்டுகிறோம். வயலை மண் போட்டு நிரப்பித் துண்டு போட்டு விற்கிறோம். தோணாவில் குப்பை கொட்டுகிறோம். இதை வேறு எவரும் வந்து செய்யவில்லை, நாம்தான் செய்கிறோம். கொப்பியில் வடிச்சலை மறித்தவனுக்குப் போட்ட தண்டம், தண்ணீர் திருடியவனுக்குப் போட்டதை விடக் கூட. முதல் வாசிப்பில் எனக்கு அது விளங்கவில்லை.

2024 நவம்பர் 26இல் மாவடிப்பள்ளித் தாம்போதியில் வெள்ளம் குறுக்கறுத்துப் பாய்ந்தபோது, விடுமுறைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரசா மாணவர்கள் உழவு இயந்திரத்தோடு அடித்துச் செல்லப்பட்டார்கள். சம்மாந்துறையில் அந்த ஜனாஸாக்களில் நின்றவர்களில் நானும் ஒருவன். அன்றிரவு விளங்கியது. இந்தத் தாம்போதியும் கிட்டங்கியும் வருடா வருடம் மூடும் இடங்கள். மேலே உள்ள வெளியெல்லாம் வடிந்து வந்து தலைகாட்டும் இடங்கள். மூத்தாப்பா காலத்தில் மாரியில் அங்கே ஆள் நின்று தண்ணீர் பார்த்தது என்று பெரியவர்கள் சொல்கிறார்கள்.

கொப்பியைப் பிரதி எடுத்து, ஒவ்வொரு வாய்க்காலையும் இன்றைய நிலத்தோடு ஒப்பிடும் வேலையை இந்த வருடம் தொடங்கியிருக்கிறேன். வாசகர்களின் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதும் இருக்கலாம். வாய்க்கால் வரைந்த தாள், தண்டத் துண்டு, கூட்ட அறிவித்தல், எதுவானாலும் கறையானுக்கு முன்பு ஒருக்கால் பாருங்கள்.

சென்ற மாதம் இப்போதைய வட்டை விதானையிடம் கொப்பியைக் கொண்டு போனேன். முப்பத்தைந்து வயதிருக்கும் அவருக்கு. மோட்டார் சைக்கிளில் இருந்தபடியே பக்கங்களைப் புரட்டினார். 1960களின் ஒரு சிறுபோகப் பட்டியலில் நின்று, விரலை முதல் பெயரில் வைத்தார். ஆகக் கடைசி வரவை. போனை எடுத்துப் படம் பிடித்தார். "இது எங்கட மூணாம் வாய்க்கால்தான் சேர். காணி இன்னும் அவங்கட பேரப்புள்ளைட கையிலதான் இரிக்கி," என்றார். கொப்பியை மூடித் தந்துவிட்டு, கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "நேத்தும் அவங்களுக்குத்தான் தண்ணி போகல்ல."